பதினெட்டு சர்டிபிகேட் எஞ்சின்

சித்தெ உக்காருங்க. கம்ப்யூட்டர்ல சர்வர் வரலை. வந்ததும் பத்து நிமிசத்துல பேப்பரைக் கையில கொடுத்தர்றேன். வண்டியை அணைச்சுப்போடுங்க, எதுக்கு வீணா ஓடிட்டு இருக்குது. நமக்கு அது ஓட வேண்டிய அவசியமே இல்லைங்க. நம்பர் பிளேட் தெரியற மாதிரி நிறுத்துங்க, போதும்.

அந்தச் சைக்கிளையா பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. இந்த வழியா வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. சைக்கிள்ல எஞ்சின் வெச்சிருக்கறது ஒரு அதிசயமில்லை. புகை டெஸ்ட் பண்றவன் சைக்கிளே புகை சாஸ்தின்னு திரும்பி வந்துருச்சாமா, அதுதான் ஊருக்கெல்லாம் சிரிப்பு. நீங்க வெளியூரு. வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா நியாயம் கெடைக்கும்னு பாக்கறேன். முழுசாக் கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு வெள்ளியங்கிரி. இந்தத் தகர ரூம்ல பத்தொம்பது வருசமா உக்காந்திருக்கேன். நம்ம வேலை முறையை மொதல்ல சொல்லிப்போடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். இதா, இந்தக் குழாய் இருக்குது பாருங்க, இதை வண்டி சைலன்சருக்குள்ள விடணும்னு புத்தகத்துல போட்டிருக்குது. மொத மாசம் நானும் அப்படித்தான் விட்டேன். விட்டு என்னாச்சு? குழாய் முனையெல்லாம் கரி. உள்ள இருக்கற வடிகட்டி அடைச்சுப்போச்சு. இப்படியே எல்லா வண்டிக்குள்ளயும் விட்டா மெஷின் எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க? அன்னையிலிருந்து குழாயை அந்தா அந்தப் புங்க மரத்துப் பக்கமாத் தொங்க விட்டுருவேன். மரத்துக் காத்து நல்ல காத்து. மெஷின் சைபர் காட்டும். சைபர்னு எழுதினா பாக்கறவன் நம்ப மாட்டான். அதனால வண்டியைப் பாத்து, ஆளைப் பாத்து, நியாயமா ஒரு அளவு போடுவேன். புது வண்டிக்குப் பாயிண்ட் ரெண்டு. பழசுக்குப் பாயிண்ட் நாலு. ரொம்பப் பழைய ஆட்டோவா இருந்தா மனசாட்சிக்குப் பயந்து சித்தெ ஏத்திப் போடுவேன், அளவுக்குள்ளதான். பத்தொம்பது வருசமா ஒரே மெஷினுங்க. இன்னும் புதுசு மாதிரி இருக்குது. இந்த மாவட்டத்துல வேற எவனாவது இப்படி வெச்சிருந்தாக் காட்டச் சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எங்க ஊட்ல அம்மிணிக்கு, ரங்கநாயகிங்க அவ பேரு, மூணு வருசமா இழுப்பு. வீடு இந்த ரூமுக்குப் பொறகாலதான். ஜன்னலைத் தொறந்தா பஸ் ஸ்டாண்டு. வெடியால மொத பஸ்ஸை டிரைவர் உறும விடறப்பவே இவ எந்திரிச்சு உக்காந்துக்குவா. பொழுதோட, வெளக்கு வெக்கற நேரம் ஆச்சுன்னா பேசறதுக்கு மூச்சு இருக்காது. ஒரு பேச்சை ரெண்டா உடைச்சுத்தான் பேசுவா. காப்பி வெக்கட்டுமான்னு கேக்க வந்தா, காப்பின்னு ஒருக்கா, வெக்கட்டுமான்னு ஒருக்கா.

டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்தாரு. உங்க பக்கம் புகை சாஸ்திங்களான்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. யாரைப் பாத்து என்ன கேக்கறது? அடுத்த தடவை போறப்ப பதிவேட்டைக் கையோட எடுத்துட்டுப் போனேன். நாலு நோட்டு. டாக்டர், எங்கூர்ல ஓடற வண்டி மொத்தமும் இதுல இருக்குது, ஒரு வண்டிகூட அளவு தாண்டலைன்னு மேசை மேல வெச்சேன். அவரு ரெண்டு பக்கம் புரட்டினாரு. நோட்டையும் பாத்தாரு, படத்தையும் பாத்தாரு. என்னை விட்டுட்டு இவ பக்கம் திரும்பி, மலைமேல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாம்மான்னு கேட்டாரு. படிச்ச மனுசன், எழுத்துல இருக்கறதை நம்ப மாட்டேங்கறாரு, பாருங்க.

இவ தங்கச்சி தேன்பாறையில இருக்குது. இந்தா தெரியுதே மலை, இதுக்கு மேலதான். அஞ்சு கிலோமீட்டர், நாலு கொண்டை ஊசி வளைவு. ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்னுதான் போனா. ஏழு மாசம் ஆச்சு.

நான் இங்க ஒண்டியா இருக்கேனுங்க. சோறு பொங்கத் தெரியும், அதுல ஒண்ணுமில்லை. அந்த இழுப்புச் சத்தம் காதுல விழாமத் தூக்கம் புடிக்க மாட்டேங்குது. சொல்றதுக்கே கேவலமா இருக்குது, ஆனா நெசம். போன்ல தினமும் பேசிட்டு இருந்தா. முழுசா, ஒரே மூச்சுல பேசுவா. பண்ணாரி கோயிலுக்குப் போனது, பக்கத்து வீட்டுப் பலாப்பழம், எல்லாம் நிறுத்தாமச் சொல்லுவா. எனக்கு அது வேற யாரோ பேசற மாதிரி இருக்கும்.

தினமும் பொழுதோட போயி ஒரு மணி நேரம் பாத்துட்டு வரலாம்னா பஸ் தோது இல்லை. பத்து மணிக்கு மலையேறுவான், மூணு மணிக்கு எறங்கிருவான். எனக்கு யாவாரமே அந்த நேரத்துலதான். எங்கிட்ட இருக்கறது சைக்கிள் ஒண்ணுதான். முழங்கால் ரெண்டும் மிதிக்க விடாது. அதனாலதான் சைக்கிளுக்கு எஞ்சின் வெச்சுக்கலாம்னு ரோசனை வந்துச்சு.

இதுல ஒரு இக்கு இருந்துச்சுங்க. தேன்பாறை ஊராட்சியில போன தையில ஒரு தீர்மானம் போட்டிருக்காங்க. மேல போற எஞ்சின் எதுவானாலும், சைக்கிள்ல மாட்டினதா இருந்தாலும் சரி, ஊர் எல்லையில இரும்புக் கேட்டு போட்டு அவங்களே டெஸ்ட் பண்ணுவாங்களாம். கீழ வாங்கின சர்டிபிகேட் செல்லாதாம். அளவு ஒண்ணுக்குள்ள இருந்தா உள்ள விடுவாங்க. தாண்டினா வண்டியை கேட்டுக்கு வெளியில நிறுத்திட்டு நடந்து போகணும். நடக்கற தூரம் ஒண்ணும் பெரிசில்லை, கேட்டுல இருந்து பாத்தாலே கொழுந்தியா வீட்டு ஓடு தெரியும். தேறாத வண்டிக்காரங்க எல்லாரும் நடந்துதான் போறாங்க. நான் அப்படிப் போலாமுங்களா? புகை டெஸ்ட் பண்றவன் வண்டி வெளியில நிக்கலாமுங்களா?

ரங்கநாயகிகிட்டப் போன்ல சொன்னேன். எஞ்சின் வெச்சுட்டு வர்றேன், நீயும் பின்னால உக்காந்துட்டு வந்துருன்னு. அவ, "மொதல்ல அந்தக் கேட்டு மெஷின்ல பாஸ் பண்ணி உள்ள வாங்க. பொறவு நான் கீழ வர்றதைப் பத்திப் பேசிக்கலாம்" அப்படின்னா. அவ்வளவுதானேன்னு நெனச்சேன். பாஸ் போடறதுதானே எனக்குத் தொழில்.

எஞ்சின் தேடறதுக்கு ஒரு மாசம் ஆச்சுங்க. மொதல்ல மெக்கானிக் குப்புராஜுகிட்டப் போனேன். அவன் பேட்டரி மோட்டாரைக் காட்டினான். சக்கரத்துலயே வந்துருமாம், புகையே கெடையாதாம், கேட்டுல டெஸ்ட்டே கேக்க மாட்டாங்களாம். எனக்கு அது புடிக்கலை. பரீட்சைக்கே போகாதவன் பாஸ் ஆயிட்டேன்னு சொல்லிக்கற மாதிரி இல்லைங்களா அது? பேட்டரி வண்டி ஏறிப் போனா, வெள்ளியங்கிரிக்கு அவன் தொழில் மேலயே நம்பிக்கை இல்லைன்னு பேசுவாங்க. வேண்டாம்னுட்டேன்.

அப்புறம் உரக்கடையில மருந்தடிக்கற மெஷின் எஞ்சின் பாத்தேன். பெட்ரோல்ல எண்ணெய் கலந்து ஊத்தணும். அது கத்தற கத்துக்கு மலையில இருக்கற யானையெல்லாம் எறங்கி வந்துரும். அதையும் வேண்டாம்னுட்டேன். மூணாவதா, புல்லு வெட்டற மெஷின் எஞ்சின். புதுசு, நாலு ஸ்ட்ரோக்கு, சத்தமும் கம்மி. கடைக்காரன் புகை அளவு இவ்வளவுதான்னு ஒரு சீட்டும் சேத்துக் கொடுத்தான். எந்த ஊர் எழுத்தோ, நமக்குப் படிக்கத் தெரியலை. யாரு டெஸ்ட் பண்ணினாங்கன்னு கேட்டேன், கம்பெனியில பண்ணியிருப்பாங்கன்னான். பண்ணியிருப்பாங்களாமா! எவனோ எங்கயோ உக்காந்துட்டுச் சும்மா எழுதியிருந்தா? கண்ணுல பாக்காத ஆளு எழுதின சீட்டை நம்பி நான் எப்படிங்க எஞ்சின் வாங்கறது? நம்ம தொழில்ல இருக்கறவன் அதைச் செய்யலாமா?

கடைசியில நம்ம இஸ்மாயில் பாய் பழைய இரும்புக் கடையிலதான் சிக்குச்சு. ஒரு மொபெட்டு. சேசிஸ் துருப்புடிச்சுப் போச்சு, எஞ்சின் மட்டும் முழுசா இருந்துச்சு. முட்டை யாவாரி அங்கப்பன் வெச்சிருந்த வண்டி. பாய் மேல் பலகையில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாரு. உள்ள பதினெட்டு சர்டிபிகேட். ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒம்பது வருசம், ஒண்ணுகூட விட்டுப்போகலை. எல்லாம் நான் கொடுத்தது. அடியில என்ற கையெழுத்து.

தேதி வாரியா அடுக்கிப் பாத்தேனுங்க. மொத சீட்டுல பாயிண்ட் நாப்பத்தி நாலு. அடுத்தது நாப்பத்தி மூணு. அப்படியே கொறஞ்சு கொறஞ்சு கடைசிச் சீட்டுல முப்பத்தி ஒண்ணு. வயசாக வயசாகச் சுத்தமாயிட்டே வந்த எஞ்சினை நான் அன்னைக்குத்தான் பாக்கறேன். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. நம்மகிட்டயே வந்து போயிட்டு இருந்திருக்குது, நமக்குத் தெரியாமப் போச்சேன்னு.

குப்புராஜு அதை ஒரு ஒதை ஒதைச்சு ஸ்டார்ட் பண்ணினான். நீலமா வந்துச்சு. மூக்கைப் பொத்திட்டு, ரிங் போயிருச்சுண்ணா, எண்ணெய் எரியுதுன்னான். நான் கவரை நீட்டினேன். நீ மோந்து பாத்துச் சொல்ற, நான் எழுத்துல வெச்சிருக்கேன்டான்னேன். யாரு எழுத்துண்ணான்னு கேட்டான். என்ற எழுத்துத்தான்னேன். அவன் ஸ்பேனரை எடுத்து மாட்ட ஆரம்பிச்சுட்டான்.

மாட்டி எடுத்துட்டு வந்து நானே ஒருக்கா டெஸ்ட் பண்ணினேன். சொந்த வண்டிங்கறதுக்காக முறையை மாத்தலை. எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான், குழாயைப் புங்க மரத்துல தொங்க விட்டேன். கம்ப்யூட்டரு வண்டி நம்பர் கேட்டுச்சு. சைக்கிளுக்கு ஏது நம்பரு? அங்கப்பன் மொபெட்டு நம்பரையே போட்டேன், எடுத்துக்குச்சு. பாயிண்ட் முப்பது. பத்தொம்பதாவது சர்டிபிகேட். அதையும் கவருக்குள்ள வெச்சுட்டு, சலவைச் சட்டை ஒண்ணைப் போட்டுட்டு, ஒரு ஞாயித்துக்கெழமை பொழுதோட கெளம்பினேன். வர்றேன்னு முன்னாடியே போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

ஏறுச்சுங்க. பொய் சொல்லக் கூடாது, நாலு வளைவும் ஏறுச்சு. பொறகால வந்த வேன்காரன் மட்டும் ஹாரன் அடிச்சுட்டே வந்தான். திரும்பிப் பாத்தேன், வேன் கண்ணுக்குத் தெரியலை. மலையில அந்நேரத்துக்குப் பனி எறங்கும்.

கேட்டுல ரெஜினான்னு ஒரு பொண்ணு, ஊராட்சியில வேலைக்குப் போட்டிருக்காங்க. வாங்கண்ணான்னு மரியாதையாத்தான் கூப்புட்டுச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகி நின்னுட்டு இருந்தா. கொஞ்சம் சதை போட்டிருந்தா. முகத்துல அந்தக் கறுப்பு இல்லை. என்னைப் பாத்ததும் சிரிச்சாளுங்க. ஏழு மாசத்துல நான் பாத்த மொத சிரிப்பு. அப்படியே சைக்கிளைப் போட்டுட்டு ஓடிரலாம்னு இருந்துச்சு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா. கவரை எடுத்து ரெஜினாகிட்டக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு அதைப் பிரிக்காமலே வாங்கி ரங்கநாயகி கையில கொடுத்துட்டு, அதோட மெஷினை எடுத்துட்டு வந்துச்சு. எஞ்சினை ஓட விடுங்கண்ணான்னுச்சு. விட்டேன். அது குழாயைக் கொண்டுபோயி நேரா சைலன்சருக்குள்ள விட்டுருச்சுங்க. எங்கயும் பாக்கலை, யோசிக்கலை, நேரா உள்ள.

ஏழு புள்ளி ஒண்ணு.

மெஷின் கெட்டுப்போச்சும்மான்னேன். உள்ள விட்டா அப்படித்தான் ஆகும், கரி ஏறியிருக்கும், நான் வேணும்னா சுத்தம் பண்ணித் தர்றேன்னு பதமாத்தான் சொன்னேன். அது போயி ஊராட்சி ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி அதுல விட்டுக் காட்டுச்சு. பாயிண்ட் மூணு. மறுபடியும் என்ற சைக்கிளு. ஏழு புள்ளி மூணு. அண்ணா, நீங்க கீழ குழாயை எப்படி வெப்பீங்கன்னு கேட்டுச்சு. நெசமாத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சுன்னு நெனைக்கறேன். தொழில் ரகசியத்தையெல்லாம் கேட்டுல வெச்சா சொல்ல முடியும்? மரத்தைப் பத்தி நான் மூச்சு விடலை.

எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. ரங்கநாயகி முந்தானையால மூக்கை மூடிட்டு ஒவ்வொரு சர்டிபிகேட்டா எடுத்துப் பாத்துட்டு இருந்தா. இருமல் வந்துச்சு. ஏழு மாசத்துல வராத இருமலாம், கொழுந்தியா பின்னாடி போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு சீட்டுல நின்னுட்டா. தேதியை விரலால தொட்டுக் காட்டினா.

"இந்த மாசம் பூராவும் நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். நீங்க ஒரு நாளுகூடக் கடையைத் தொறக்காம என் பக்கத்துலயே இருந்தீங்க."

ஆமான்னேன். அதை அவ மறக்காம வெச்சிருந்தது எனக்குச் சந்தோசமாப் போச்சுங்க. அங்கப்பன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து கேட்டாரு, நான் ரூமுக்குத் திரும்பி வந்ததும் பழைய தேதி போட்டுக் கொடுத்தேன். அதையும் சொன்னேன். ஒரு ஆளை நான் அலைய விட்டதில்லைன்னு.

அவ சீட்டையெல்லாம் திரும்பக் கவருக்குள்ள வெச்சா. ஒண்ணு மேல ஒண்ணா ஓரம் தட்டி வெச்சா. அப்புறம் கேட்டா, உடைஞ்ச மூச்சுல, கீழ இருந்தப்பக் கேப்பாளே, அதே மாதிரி.

"பத்தொம்பது வருசத்துல... ஒரு வண்டியாச்சும் ஆகாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

ஒண்ணுகூட இல்லைன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். பத்தொம்பது வருசத்துல என்னைத் திட்டிட்டு ஒரு ஆளு இந்த ரூமை விட்டுப் போனதில்லைங்க.

"ஒரே ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தாக்கூட... நான் கீழயே இருந்திருப்பேன்" அப்படின்னா. கவரை கேட்டுக் கம்பி மேல வெச்சுட்டுத் திரும்பி நடந்துட்டா.

ரெஜினா எஞ்சினை அணைச்சுச்சு. சைக்கிளை இங்கயே விட்டுட்டு நடந்து போங்கண்ணா, அக்கா மெதுவாத்தான் போறாங்கன்னுச்சு. ஓடு தெரியுது. அவ சேலை தெரியுது. நடந்திருக்கலாம். அம்மிணின்னு ஒரு கொரலு கொடுத்திருந்தா நின்னிருப்பா. ஆனா சைக்கிளை வெளியில விட்டுட்டுப் போனா ஏழு புள்ளி ஒண்ணு சரின்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்லைங்களா? நான் போகலை. சைக்கிளைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, அஞ்சு கிலோமீட்டரும் பிரேக் புடிச்சுட்டே எறங்கி வந்துட்டேன். அன்னையிலிருந்து போன் எடுக்க மாட்டேங்கறா. பதினாறு நாளாச்சு.

நீங்களே சொல்லுங்க, இதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்? எஞ்சின் பாக்கறப்ப அலட்சியமா இருந்தேனா? பதினெட்டு ஆதாரம் பாத்துட்டு வாங்கினேன். எனக்கு அவ இல்லாம முடியலைங்க. கோவமெல்லாம் போயிருச்சு. அந்த ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டேன், வந்தான்னா அவளுக்கு ஆகும்னு. பஸ்ஸை நான் என்ன பண்ண முடியும்?

உக்காந்து உக்காந்து யோசிச்சேன். அவ பெரிசா ஒண்ணும் கேக்கலை. நகை கேக்கலை, நட்டுக் கேக்கலை. ஒரே ஒரு வண்டியைத் திருப்பி அனுப்புங்கன்னா, அவ்வளவுதான். பத்தொம்பது வருசத்துல ஒண்ணு. அதைக்கூட நான் செய்யலைன்னா என்ன புருசன்?

ஆனா உள்ளூர்க்காரங்களை எப்படிங்க திருப்பி அனுப்பறது? காய் கொடுக்கறவன், கறி வெட்டறவன், பாங்க்குக்காரர். நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்.

சர்வருங்களா? அது அப்பவே வந்துருச்சுங்க. நீங்க உக்காந்த அஞ்சு நிமிசத்துல வந்துருச்சு. நீங்க பொறுமையாக் கேட்டுட்டு இருந்தீங்க, அதனால சொல்லாம விட்டேன். நல்ல மனுசன்னு மொகத்துலயே தெரியுது.

உங்க வண்டி பெயிலுங்க.

கோவிச்சுக்காதீங்க. வண்டி புதுசுதான், எனக்குத் தெரியாதா? இல்லை இல்லை, ஸ்டார்ட் பண்ணவெல்லாம் வேண்டாம், குழாயும் வேண்டாம், சாவியை உள்ள வெச்சுக்கங்க. ஏழு புள்ளி ஒண்ணுன்னு நானே போட்டுட்டேன். இந்தப் பேப்பரை எடுத்துட்டு நாளைக்குப் பத்து மணி பஸ்ல மேல போறேன். நீங்க நாளான்னைக்கு வந்தீங்கன்னா பாயிண்ட் ரெண்டுல பாஸ் போட்டுத் தர்றேன். ஒரு குடும்பம் சேர்றதுக்கு இந்த ஒத்தாசை பண்ணுங்க.

ஒரு நிமிசம். இது என்னமோ புதுசாக் கேக்குதுங்க, இத்தனை வருசத்துல நான் பாக்காத கட்டமா இருக்குது. 'வண்டி தேறாததற்குக் காரணம்'னு போட்டுட்டு, நெரப்பாம பிரிண்ட் ஆகாதுங்குது.

என்னன்னுங்க எழுதறது?